யாருடைய தண்ணீர்?

திருவக்கரைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வக்கிரகாளியம்மனைத் தரிசிக்கத்தான் போகிறார்கள். பௌர்ணமி தினங்களில் திண்டிவனத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கூட்டம் வந்து குவிகிறது. நான் போனது ஒரு சாதாரண நாளில். அம்மனைத் தரிசித்துவிட்டு, புவியியல் ஆய்வுத் துறையார் வேலியிட்டுக் காத்துவரும் கல்மரங்களைப் பார்க்கப் போனேன். நெடுநாளைய ஆசை அது.

சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் அவை. உள்வளையங்கள் கலையாமல் கல்லாகிக் கிடக்கின்றன. வேரும் இல்லை, கிளையும் இல்லை. எங்கோ வளர்ந்த மரங்களைப் பெருவெள்ளம் அடித்துக்கொண்டு வந்து இங்கே மணலில் புதைத்தது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். புதைந்த மரமெல்லாம் கல்லாகிவிடுவதில்லை. சதுப்பில் அமிழ்ந்து, காற்றுப் படாமல், மேலே மண்பாரம் ஏற ஏறக் கரியாகிவிடுவதும் உண்டு. தெற்கே நெய்வேலியில் தோண்டி எடுப்பது அப்படி உண்டான பழுப்பு நிலக்கரிதான்.

இதையெல்லாம் எண்ணிக்கொண்டு திரும்பும் வழியில் ஒரு பழைய கல்குவாரியைக் கண்டேன். ஐம்பது அறுபது அடி ஆழம் இருக்கலாம். கல்லை வெட்டி எடுத்தவர்கள் போய்விட்டார்கள், குழி நின்றது, அதில் மழைநீர் பச்சை நிறமாய்த் தேங்கியிருந்தது. சுற்றிலும் வேலி இல்லை. விளிம்பில் இரண்டு பையன்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாளிடம், "இது யாருடைய குவாரி அம்மா?" என்று கேட்டேன்.

"எப்பவோ விட்டுட்டுப் போயிட்டாங்க ஐயா. இப்ப யாருதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. யாருடையது என்று தெரியாமல் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் என்ன செய்யும் என்பதற்கு நம் தேசத்தில் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதன் பெயர் சாஸ்நாலா.

1975-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி, சனிக்கிழமை. அன்று பீகாரிலும் இன்று ஜார்க்கண்டிலும் உள்ள தன்பாத் ஜில்லாவில், சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் பகல் நேர வேலை நடந்துகொண்டிருந்தது. அதை ஒட்டிக் கைவிடப்பட்ட பழைய சுரங்கப் பகுதி ஒன்று இருந்தது. அதில் தண்ணீர் நிரம்பியிருந்தது. இரண்டுக்கும் இடையே நின்ற கரிச்சுவர் உடைந்தது. உடைந்ததும், தேங்கியிருந்த தண்ணீர் அத்தனையும் கீழே வேலை செய்துகொண்டிருந்தவர்கள்மேல் பாய்ந்தது. தண்ணீரை இறைக்க வெளிநாடுகளிலிருந்து பம்புகளைத் தருவிக்க வேண்டியிருந்தது. வாரக்கணக்கில் இறைத்தார்கள். வெளியே வந்தவை உடல்கள்தாம்.

இறந்தவர்கள் எத்தனை பேர்? சுரங்கப் பாதுகாப்புத் துறையின் பட்டியல் 375 என்கிறது. 372 என்றும் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. கரிச்சுரங்கத்தில் இறங்குகிறவன் எண் போட்ட விளக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு இறங்குவான். ஏறி வந்ததும் திருப்பிக் கொடுப்பான். திரும்பாத விளக்குகளை எண்ணினால் திரும்பாத மனிதர்களின் தொகை தெரிந்துவிடும். அப்படியிருந்தும் இரண்டு கணக்கு. நடுவில் நிற்கும் மூன்று பேருக்கும் தாயும் மனைவியும் இருந்திருப்பார்கள் அல்லவா?

இதை விதியின் விளையாட்டு என்று சொல்லிவிடலாம். ஆனால் சட்டம் அப்படிச் சொல்ல இடம் கொடுக்கவில்லை. 1957-ம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க விதிகளிலேயே இந்த ஆபத்துக்கு இடம் இருந்தது. கைவிடப்பட்ட வேலைப்பகுதியைச் சுமார் 60 மீட்டர் நெருங்கிவிட்டால், தலைமை ஆய்வாளரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் மேலே போகக் கூடாது. அனுமதி கிடைத்த பிறகும், முன்னால் துளையிட்டுப் பார்த்துக்கொண்டேதான் போக வேண்டும். இருட்டில் நடப்பவன் கோலால் தட்டிப் பார்ப்பதுபோல. பாதுகாப்புத் துறையின் தலைமை அலுவலகம் இருப்பதும் அதே தன்பாதில்தான். ஆக, ஆபத்து இன்னதென்று தெரியும். தடுக்கும் வழியும் தெரியும். தடுக்க வேண்டியவர்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள்.

சாஸ்நாலாவை நினைவூட்டும் விதமாக 1979-ல் 'காலா பத்தர்' என்ற இந்திப் படம் வந்தது. அதில் லாபவெறி பிடித்த முதலாளி ஒருவன் எச்சரிக்கையைப் புறக்கணிக்கிறான், தண்ணீர் புகுகிறது. கதை எழுதுகிறவனுக்கு இந்த முதலாளி எவ்வளவு சௌகரியமானவன் என்று எனக்குத் தெரியும். நானும் அவனைப் பலமுறை படைத்திருக்கிறேன். நிஜத்திலோ சுரங்கம் இந்திய இரும்பு எஃகுக் கம்பெனியுடையது. கம்பெனியின் நிர்வாகத்தை 1972-லேயே சர்க்கார் ஏற்றுக்கொண்டிருந்தது. கொடுமைக்கார முதலாளிக்கு அங்கே வேலையில்லை. திட்டமிடுகிறவர், மானேஜர், அளவையாளர், ஆய்வாளர் என்று ஒரு வரிசைதான் இருந்தது. இப்படிப்பட்ட வரிசையில் ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவர் பார்த்திருப்பார் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட முடியும். யாரும் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பாட்னா உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி யு. என். சின்ஹா தலைமையில் விசாரணை நடந்தது. பிறகு அதிகாரிகள்மீது வழக்கு. அது நடந்த காலத்தை நினைத்துப் பாருங்கள்: 2012-ல்தான் தன்பாத் நீதிமன்றம் இரண்டு அதிகாரிகளைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்து ஓராண்டுச் சிறை விதித்தது. விபத்தன்று தாயின் இடுப்பில் இருந்த குழந்தைக்கு அப்போது முப்பத்தேழு வயது. இடையில், குற்றம் சாட்டப்பட்ட வேறு சிலர் இறந்தே போயிருந்தார்கள்.

நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை இது என்று நினைக்க வேண்டாம். வேல்ஸ் நாட்டில் அபெர்ஃபான் என்ற சுரங்கக் கிராமம். அங்கே ஊருக்கு மேலே மலைச்சரிவில், ஊற்றுக்கண் இருந்த இடத்தில், சுரங்கக் கழிவைக் கொட்டிக்கொண்டே வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இப்படிக் கொட்டுவது ஆபத்து என்று 1963-லேயே நகராட்சிப் பொறியாளர் கடிதம் எழுதினார். 1966 அக்டோபர் 21-ந் தேதி காலை அந்தக் குவியல் சரிந்து பள்ளியை மூடியது. மாண்டவர்கள் 144 பேர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். விசாரணைக் குழு தேசிய நிலக்கரி வாரியமே பொறுப்பு என்று ஐயத்துக்கிடமின்றிச் சொன்னது. ஆனால் அதற்காக ஒருவர்கூட வேலை இழக்கவில்லை. மிஞ்சிய குவியல்களை அகற்ற, உற்றாரை இழந்தவர்களுக்காகப் பொதுமக்கள் அளித்த நிதியிலிருந்தே 1,50,000 பவுன் எடுத்துக்கொண்டார்கள். 1997-ல்தான் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

'பொறுப்பு வாரியத்துடையது' என்று சொல்லிவிடுவது எளிது. வாரியத்துக்குத் தூக்கம் கெடுவதில்லை. தூக்கம் கெட வேண்டுமானால் அது ஒரு மனிதனாக இருக்க வேண்டும்.

சாஸ்நாலா ஒரு பாடமாயிற்றா? 2001 பிப்ரவரியில் அதே தன்பாத் வட்டாரத்தில், பாக்டிகி சுரங்கத்தில், பக்கத்துப் பழைய சுரங்கத்தின் தண்ணீர் உடைத்துக்கொண்டு புகுந்தது. 29 பேர் இறந்தார்கள். 2018 டிசம்பரில் மேகாலயத்தில், தடை செய்யப்பட்ட எலிவளைச் சுரங்கம் ஒன்றில் தண்ணீர் புகுந்து 15 பேர் சிக்கிக்கொண்டார்கள். ஊர் மாறுகிறது. தண்ணீர் அதே தண்ணீர்தான்.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். திருவக்கரையில் அந்தப் பையன்களை நான் அதட்டினேன். அவர்கள் சிரித்துக்கொண்டே ஓடிப் போனார்கள். என் கடமை முடிந்தது என்று பஸ் ஏறினேன். மறுநாள் அவர்கள் வந்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? கைவிட்ட குழிக்கு வேலி போட வேண்டும் என்று சட்டம் இருப்பதும் எனக்குத் தெரியும். பார்த்தவன் நான்; விலாசம் தெரிந்தவன் நான்; எழுதுவதே தொழிலாகக் கொண்டவன் நான். இருந்தும் இரண்டு மாதமாக ஒரு தபால் எழுதவில்லை. வேறு யாராவது எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன் போலும். அந்த வரிசையில் நிற்பதற்கு உத்தியோகம் வேண்டியதில்லை என்பது இப்போது புரிகிறது.

இந்தக் கட்டுரையை இத்துடன் நிறுத்திக்கொண்டு, விழுப்புரம் கலெக்டருக்கு அந்தக் கடிதத்தை எழுதப்போகிறேன். குழி எந்தப் பாதையில், கோயிலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். அடியில் என் பெயரையும் முழு விலாசத்தையும் எழுதுவேன்.