றேடியோவுக்குள் கேட்ட தையல் மிசின்

இலங்கை வானொலியின் தமிழ் நாடகங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். 'சானா' என்ற சண்முகநாதனைப் பற்றி, அவருடைய 'லண்டன் கந்தையா'வைப் பற்றி, மயில்வாகனத்தின் குரலைப் பற்றி ஒரு வரியேனும் எழுதாத மூத்த எழுத்தாளர்கள் நம்மிடையே குறைவு. ஆனால் அந்தக் குரல்களோடு கூடவே, அழையாத விருந்தாளியாக எங்கள் வீட்டு விறாந்தைக்குள் வந்து குந்திக்கொண்ட இன்னோர் ஒலியைப் பற்றி எவரும் எழுதியதாக நான் காணவில்லை. கொறகொறப்பு, கரகரப்பு, இரைச்சல் என்று பலவாறாக அதைச் சொன்னோம். நாடகத்தில் கதாநாயகி அழும் கட்டத்தில் அடுத்த வீட்டுத் தையல் மிசின் 'டர்ர்ர்' என்று அவளுக்கு மேலால் ஓடும். தையல் மிசினின் சத்தம் வேலி தாண்டிக் காதுக்கு வந்தால் அது ஓர் அளவு. றேடியோவுக்குள்ளிருந்தே வந்தால் என்ன செய்வது?

இந்தக் கரகரப்புக்கும் ஒரு சரித்திரம் உண்டு, நேயர்களே. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் வந்ததும், போனதும், திரும்பி வந்ததும் அதற்குள் பதிவாகியிருக்கின்றன.

முதலில் அது எங்கிருந்து பிறக்கிறது என்று பார்ப்போம். 1887ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் ஹேர்ட்ஸ் என்ற விஞ்ஞானி இரண்டு உலோகக் குண்டுகளுக்கிடையே மின்பொறியொன்றைப் பாயவைத்தார். சில மீற்றர் தள்ளியிருந்த கம்பி வளையத்தின் சிறிய இடைவெளியிலும் ஒரு பொறி தோன்றியது. வானொலி அலைகள் மனிதன் கையால் பிறந்ததும் பிடிபட்டதும் அப்படித்தான். மார்க்கோனி அந்தப் பொறியைத்தான் வளர்த்தெடுத்தார். 1912இல் மூழ்கிக்கொண்டிருந்த டைற்றானிக் கப்பல் அபயக்குரல் எழுப்பியதும் பொறியைக் கொண்டுதான். ஆக, பொறி பறக்கும் இடமெல்லாம் ஒரு சின்னஞ்சிறு வானொலி நிலையம். தையல் மிசின் மோட்டாருக்குள் கரித்துண்டுகள் சுழலும் செப்புப் பட்டைகளோடு உராயும்போது விநாடிக்கு ஆயிரக்கணக்கில் பொறி பறக்கும். அரைக்கும் கிறைண்டரிலும் அப்படியே. பிரிஜ் தானாக நின்று தானாக ஓடத் தொடங்குகையில் ஒரு 'டிக்'. ரியூப் லைற்றோ மின்னோட்டத்தின் ஒவ்வோர் அரைச் சுற்றிலும், அதாவது விநாடிக்கு நூறு தடவை, அணைந்து எரிகிறது. அதனால் ஓயாத 'ங்ங்' என்ற ரீங்காரம். இவையெல்லாம் அனுமதிப்பத்திரம் இல்லாமல், நிகழ்ச்சி நிரல் இல்லாமல் ஒலிபரப்பும் நிலையங்கள். எங்கள் வீட்டு றேடியோவுக்கு மாத்திரம் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டினோம்!

மனிதப் பொறிக்கு முன்னரே வானத்துப் பொறி இருந்தது. ஒலிபரப்பு நிலையம் என்ற ஒன்று உலகில் தோன்றுமுன், 1895இல், ரஷ்யாவில் பொப்போவ் அமைத்த கருவி இடிமின்னலையே பிடித்துக் காட்டியது. ஐப்பசி மாதத்து இரவுகளில் சிற்றலையைத் திருப்பியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை இன்னும் கடலில் நிற்கும். றேடியோவில் முதலே 'படார்' என்று கேட்டுவிடும். உடுப்புக் கொடியிலிருந்து துணிகளை எடுக்கும்படி வானிலை அறிக்கைக்கு முன்னரே சொல்லிவிடும் சகுனம் அது.

இந்த இரைச்சலைத் தேடிப் போய்ப் பெரும்பொருள் கண்டவர் ஒருவரையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளம் பொறியியலாளர், கடல் கடந்த தொலைபேசிக்கு இடைஞ்சல் செய்யும் ஒலிகளைக் கண்டறியும் பணியில் இருந்தார். கிட்டிய இடி, தொலைவிடி என்று பிரித்தபின் மெல்லிய சீறல் ஒன்று மிஞ்சியது. அது ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முந்தி வந்தது. நட்சத்திரங்கள் உதிக்கும் கணக்கு அதுதானே! 1933இல் அவர் அறிவித்தார்: சீறல் தனு இராசித் திசையிலிருந்து, நமது பால்வீதியிலிருந்து வருகிறது. வானொலி வானியல் என்ற துறையே கரகரப்பைத் தேடிய ஒருவரிடம் பிறந்தது. அதே காலப்பகுதியில் ஆம்ஸ்ட்ரோங் என்பவர் கரகரப்பை ஒழிக்கவென்றே பண்பலையைக் கண்டுபிடித்தார். வீட்டுச் சாதனங்களின் தொல்லையை அளந்து கட்டுப்படுத்த நாடுகள் கூடிப் பேசி ஒரு குழுவை அமைத்ததும் அந்தப் பத்தாண்டில், பரிசில்தான்.

நமது ஊருக்கு வருவோம். கொழும்பில் ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16இல் முறையாகத் தொடங்கியது. குடாநாட்டின் நிலைமை விசித்திரமானது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். திருச்சியோ 200க்கும் குறைவு. அதிலும் திருச்சிக்கும் எங்களுக்கும் நடுவே கிடப்பது கடல். உப்புநீரின் மேல் மத்திய அலை தளராமல் ஓடிவரும். காய்ந்த தரையில் அது சீக்கிரம் களைத்துவிடும். 1939இல் தொடங்கிய திருச்சி நிலையம் எங்கள் வீடுகளில் உள்ளூர் நிலையம்போல் கேட்டதற்கு மொழிப்பற்று மட்டும் காரணமில்லை, பாக்கு நீரிணையும் ஒரு காரணம். கொழும்பைக் கேட்க மினக்கெட வேண்டும். இரண்டு தென்னைகளுக்கிடையே கம்பி இழுத்து, இன்னொரு கம்பியை மண்ணில் புதைத்து, அந்த இடத்துக்குத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

மின்சாரம் பரவலாக இல்லாத காலத்தில் இடியைத் தவிர வேறு பெரிய தொல்லை இருக்கவில்லை. சனசமூக நிலையத்து றேடியோவைச் சுற்றி ஊர் கூடியது. சுன்னாகத்தில் டீசல் மின்நிலையம் 1958இல் இயங்கத் தொடங்கிய பின்னர் கம்பிகள் ஒழுங்கை ஒழுங்கையாக நுழைந்தன. மின்குமிழ் வந்தது, அது சாது, சத்தம் செய்யாது. பிறகு ரியூப் லைற், தையல் மிசினுக்கு மோட்டார், பிரிஜ், கிறைண்டர். தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நீரிறைத்த மண்ணெண்ணெய் யந்திரங்களும் தங்கள் பங்குக்குப் பிளக்குப் பொறியால் 'டக் டக் டக்' என்று விடியற்காலை நிகழ்ச்சிக்குத் தாளம் போட்டன.

இங்கேதான் ஓர் அயல் நாகரிகம் உருவாயிற்று. சீதனமாக வந்த கிறைண்டர் எந்த வீட்டில் ஓடுகிறது என்பதை இரண்டு வீடு தள்ளியிருந்த றேடியோ அறிவித்துவிடும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவர் இருந்தார். இரவு ஒன்பதேகாலுக்குத் தமிழோசை தொடங்க ஐந்து நிமிடம் இருக்கையில் வேலியடிக்கு வந்து, "பிள்ளை, உந்த மிசினைக் கொஞ்சம் நிப்பாட்டணை, லண்டன் போகப்போகுது" என்பார். தன் வீட்டு ரியூப் லைற்றையும் நூர்த்துவிடுவார். இருட்டுக்குள் குடும்பமே அமர்ந்து செய்தி கேட்கும். மின்சாரம் வந்த வீட்டில் றேடியோ கேட்பதற்காக விளக்கை அணைத்தவர்கள் நாங்கள் என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். தையல்காரப் பெண்ணுக்கோ அந்த அரை மணித்தியாலம் ஒரு சட்டையின் கூலி. அவள் முணுமுணுத்ததும் நியாயந்தான். மோட்டாரோடு சிறிய கொண்டென்சர் ஒன்றைச் சேர்த்தால் பொறியின் வேகம் அங்கேயே அடங்கிவிடும். றேடியோ திருத்துபவர்கள் சிலர் அதைச் செய்து கொடுத்தார்கள். மற்றவர்கள் றேடியோவைத் திருப்பித் திருப்பி வைத்தார்கள். பெட்டிக்குள் இருக்கும் கரிய பெரைற் கம்பியின் நுனி தொல்லை வரும் பக்கத்தை நோக்கினால் தொல்லை குறையும். காரணம் தெரியாமலே பல வீடுகளில் றேடியோ ஒரு கோணலில் நிரந்தரமாக நின்றது.

'தமிழோசை' என்ற அந்தப் பெயரைச் சூட்டியவர் யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம் என்பதை இலக்கிய நேயர்கள் அறிவார்கள். 1954இல் 'ஒலிபரப்புக் கலை' என்று தமிழில் ஒரு நூலே எழுதியவர். பேசுபவரின் கலையைப் பற்றி எங்களுக்கு ஒரு நூல் கிடைத்தது. கேட்பவரின் கலைக்கு இன்னும் ஒரு நூல் இல்லை. வேலியடியில் நின்ற அந்தப் பெரியவர் அதில் ஓர் அத்தியாயத்துக்கு உரியவர்.

தொலைக்காட்சி வந்தபோது தொல்லை கண்ணுக்கும் தெரிந்தது. ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. உயர்ந்த குழாய்களின் உச்சியில் அன்ரனாக்கள் பனைகளோடு போட்டியிட்டன. தமிழகத்துப் படமும் வந்தது. தெருவில் மோட்டார் சைக்கிள் ஒன்று போனால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் சிதறும். இதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. தேசிய மின்வலையோடு குடாநாட்டுக்கிருந்த தொடர்பு அறுந்தது. ரியூப் லைற்றுகள் வெறும் கண்ணாடிக் குழாய்களாகத் தொங்கின. பிரிஜ்ஜுக்குள் புத்தகம் அடுக்கியவர்கள் உண்டு. மண்ணெண்ணெய் விலை ஏற, நீரிறைக்கும் யந்திரங்கள் ஓய்ந்து, சில தோட்டங்களில் துலா மீண்டும் ஆடியது. குடாநாட்டின் பொறிகள் எல்லாம் ஒருசேர அணைந்தன. அந்த இரவுகளில் சிற்றலையைத் திருப்பியபோது நான் அதிர்ந்துபோனேன். அப்படியொரு தெளிவை என் வாழ்நாளில் கேட்டதில்லை. மணிலாவிலிருந்து வெரித்தாஸ், லண்டனிலிருந்து தமிழோசை, எல்லாம் அடுத்த அறையில் பேசுவதுபோல.

கேட்பதற்குப் பற்றறிதான் இல்லை. தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் அதுவும் இருந்தது. அப்போதுதான் சைக்கிள் டைனமோ வீட்டுக்குள் வந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லில் சாய்த்து, பெடலைக் கையால் சுற்றுவோம். டைனமோவுக்குள் சுழல்வது காந்தம். கரித்துண்டு இல்லை, பொறி இல்லை. ஆனால் அது தருவது திசைமாறும் மின்னோட்டம். ஆகவே டையோட்டும் கொண்டென்சரும் சேர்த்து நேராக்க வேண்டும். நேராக்கியும் மிச்சமிருக்கும் ஒரு முனகல், சில்லின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். மெதுவாகச் சுற்றினால் குரல் அமிழ்ந்துவிடும். வேகமாகச் சுற்றினால் றேடியோ எரிந்துவிடும். ஒரே கதியில் சுற்றத் தெரிந்த பிள்ளைக்கு வீட்டில் மதிப்பு.

அயல்வீட்டுத் தொல்லை போய்விட்டது; இப்போது தொல்லை எங்கள் கையின் களைப்பு. ஓர் இரவு நினைவிருக்கிறது. குண்டு விழுந்ததைச் சொல்லி, எத்தனை பேர் என்று சொல்லி, எந்த ஊர் என்று செய்தி வாசிப்பவர் சொல்ல வாயெடுக்கும் தறுவாயில் சுற்றிக்கொண்டிருந்த சிறுவனின் கை சளைத்தது. குரல் தேய்ந்தது. முனகல் கீழிறங்கி நின்றது. அவன் பதறி மீண்டும் சுற்றியபோது செய்தி வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அந்த வீட்டில் மூன்று ஊர்களில் பெண் கொடுத்திருந்தார்கள். எவரும் அவனை ஏசவில்லை. தாய் அவனுடைய கையைப் பிடித்து உருவிவிட்டாள். விடியும்வரை படலையடியில் நின்று, போகிற வருகிறவர்களிடமெல்லாம் "எந்த இடமாம்?" என்று கேட்டோம்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, மூட்டைகளுக்கிடையே சைக்கிளும் டைனமோவும் றேடியோவும் நடந்தன.

1996க்குப் பின் மின்சாரம் சிறிது சிறிதாகத் திரும்பியது. ஜெனரேற்றர்கள் உறுமின. 2013இல் கிளிநொச்சி வழியாகத் தேசிய மின்வலை மீண்டும் சுன்னாகத்தை எட்டியது. கரகரப்பும் திரும்பி வந்தது, புதிய உருவத்தில். இன்றைய எல்.ஈ.டி. விளக்குக்கும் தொலைபேசிச் சார்ஜருக்கும் உள்ளே பொறி கிடையாது. ஆனால் அவற்றின் இலத்திரனியல் ஆளிகள் மின்னோட்டத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடுகின்றன. மலிவாகச் செய்தவற்றில் வடிகட்டும் பகுதியைக் குறைத்துவிடுகிறார்கள். முன்பு ஒரு தையல் மிசின். இப்போது வீட்டுக்கு இருபது. மத்திய அலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீரான இரைச்சல். தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30உடன் நின்றுவிட்டது. வேலியடிக்கு வந்து நிப்பாட்டச் சொல்ல இன்று எவரும் இல்லை.

2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு நிலவியது. அப்படியோர் இரவில், பழக்கதோசத்தில் பழைய றேடியோவை எடுத்து ஊசியை நகர்த்தினேன். இரைச்சல் ஒரு பொட்டும் இல்லை. கடலுக்கு அப்பாலிருந்து திருச்சி, அடுத்த ஒழுங்கையிலிருந்து வருவதுபோல் வந்தது. பேரப்பிள்ளை இருட்டுக்குள் தட்டித் தடவி வந்து, இது எந்த 'அப்'பில் வருகிறது என்று கேட்டான்.