ஈவினையின் உயரம்: தர்ஜினி சிவலிங்கமும் வலைப்பந்தாட்டமும்

புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து எனக்கு எழுதும் நண்பர்கள் சிலர் ஒரு கேள்வியை அடிக்கடி கேட்பதுண்டு. "யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து தொழில்முறைக் கூடைப்பந்தாட்டக்காரர் எவராவது உருவானாரா?" என்பதே அக்கேள்வி. அமெரிக்காவிலும் கனடாவிலும் பிறந்து, கூடைப்பந்தைப் பார்த்து வளரும் பிள்ளைகள் தம் பெற்றோரிடம் கேட்பதையே அவர்கள் என்னிடம் திருப்பிக் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன். இக்கேள்விக்கான என் விடை கூடைப்பந்தில் இல்லை. கூடைப்பந்தின் வயிற்றில் பிறந்த வலைப்பந்தில் இருக்கிறது. அந்த விடையின் பெயர் தர்ஜினி சிவலிங்கம்.

இந்த இரண்டு ஆட்டங்களுக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் தர்ஜினியின் வரலாற்றைச் சொல்ல முடியாது. 1891 டிசெம்பரில், அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடியர், பனிக்காலத்தில் மாணவர் மண்டபத்தினுள் ஆடுவதற்கென ஓர் ஆட்டத்தை வகுத்தார். பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகளை மண்டபத்தின் மேல்மாடத்தில், பத்தடி உயரத்தில் அறைந்தார். விதிகள் பதின்மூன்று. அவ்வளவுதான் மூலதனம்.

அடுத்த சில ஆண்டுகளில் அந்த ஆட்டம் இங்கிலாந்தில் பெண்களுக்கான உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றை எட்டியது. அங்கே அதன் உருவம் மாறத் தொடங்கியது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுவது விலக்கப்பட்டது. மைதானம் மூன்று பகுதிகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள்ளேயே ஆடவேண்டும் என்றாயிற்று. வளையத்தின் பின்னால் இருக்கும் பலகை நீங்கியது. 1901இல் விதிகள் தொகுக்கப்பட்டன. பிரித்தானியப் பேரரசு சென்ற இடமெல்லாம், பெண்கள் பாடசாலைகளின் வழியாக அந்த ஆட்டமும் சென்றது. ஆயினும் தாயின் பெயர் மகளை விட்டு எளிதில் அகலவில்லை. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரையில் இது 'பெண்கள் கூடைப்பந்து' என்றே அழைக்கப்பட்டது.

இதில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார். நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்கி, சர்வதேசச் சம்மேளனம் ஒன்றைத் தோற்றுவிக்க 1960இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடியது அன்றைய சிலோனிலேயே ஆகும். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ற்போர்ண் நகரில் முதலாவது உலகப் போட்டி நடைபெற்றபோது பங்குகொண்ட 11 அணிகளுள் இலங்கையும் ஒன்று.

நான் பிறந்து வளர்ந்த பருத்தித்துறையில் பையன்களாகிய எங்களுக்கு உதைபந்தும் கரப்பந்தும்தான் உலகம். ஒரு வலை, இரண்டு கம்பம், சிறிது மணல்தரை இருந்தால் கரப்பந்துக்குப் போதும். வலைப்பந்து மதிலுக்கு அப்பால், பெண்கள் பாடசாலைகளுக்குள் நடக்கும் காரியமாக இருந்தது. மாலையில் விசில் சத்தம் கேட்கும். ஆட்டத்தை நாங்கள் கண்டதில்லை. பத்திரிகைத் துறைக்கு வந்த பின்னரும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. விளையாட்டுப் பக்கத்தில் துடுப்பாட்டத்துக்கு ஆறு பத்தி என்றால், வலைப்பந்துக்கு அடியில் எஞ்சிய நான்கு வரி. வடபகுதியின் விளையாட்டு வரலாறு என்று எழுதியவர்கள், 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தையும், 1971இல் பாக்குநீரிணையை இருவழியும் நீந்திக் கடந்த வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனையும் தவறாமல் குறிப்பிட்டார்கள். அது முறையானதே. ஆனால் அந்த வரிசையில் ஒரு பெண்ணின் பெயர் இடம்பெற நெடுங்காலம் சென்றது.

தர்ஜினி 1979 ஜனவரி 7ஆம் திகதி பிறந்தார். ஊர், வலிகாமத்தில் புன்னாலைக்கட்டுவனை அண்டிய ஈவினை. செம்மண் தோட்டங்கள் நிறைந்த பூமி. அவருடைய பிறந்த ஆண்டைக் கவனித்தால், அவர் எந்தக் காலத்தில் வளர்ந்தார் என்பது விளங்கும். அவருக்கு நான்கு வயதாக இருந்தபோது 1983 யூலை. பதினொரு வயதில் 1990 யூன். இரண்டாம் ஈழப்போர் தொடங்கிப் பலாலியைச் சூழ்ந்த ஊர்கள் வெறுமையாயின. பதினாறு வயதில் 1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் ஓர் இரவில் பெயர்ந்து, தென்மராட்சிக்கும் எங்கள் வடமராட்சிக்கும் நடந்தது. பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் பெயர் எடுக்கவேண்டிய வயதில் அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் பங்கருக்கும் அகதி முகாமுக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். 2002இல் போர்நிறுத்தத்தை அடுத்து ஏ-9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் அடைபட்டது. கொழும்பு சென்று ஆடித் தம்மை நிரூபிக்க வடக்கின் இளைஞருக்கு வாய்த்தது அந்த நாலாண்டு இடைவெளிதான்.

அவருடைய உயரம் 208 சென்றிமீற்றர். அடிக்கணக்கில் ஆறடி பத்தங்குலம். வலைப்பந்து ஆடிய வீராங்கனைகளுள் உலகிலேயே மிக உயரமானவர் என்று பேசப்படுபவர். ஓர் ஒப்பீட்டைச் சொன்னால் வாசகருக்கு இந்த உயரம் இன்னும் தெளிவாகும். எதிர்வீரசிங்கம் தோக்கியோவில் தாண்டிய குறுக்குக் கம்பம் 2.03 மீற்றர் உயரத்தில் இருந்தது. தர்ஜினி நிமிர்ந்து நின்றால் அந்தக் கம்பத்துக்கு மேல் ஐந்து சென்றிமீற்றர் தெரியும்.

பெண்ணுக்கு உயரம் கூடினால் நம் சமூகம் என்ன சொல்லும் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. சந்தைக்குப் போனால் திரும்பிப் பார்க்கும். பேருந்தில் ஏறினால் சிரிக்கும். கலியாணப் பேச்சில் முதற் கேள்வியாக அதைத்தான் கேட்கும். ஊர் குறையாகக் கண்டதை வலைப்பந்து பலமாகக் கண்டது.

ஆனால் உயரம் மட்டும் போதும் என்று எண்ணுவது ஆட்டத்தை அறியாதவர் கூற்று. வலைப்பந்தில் ஓர் அணிக்கு எழுவர். அவர்களுள் இருவருக்கு மாத்திரமே கோல் போடும் உரிமை. அதுவும் வளையத்தைச் சூழ்ந்த அரைவட்டத்துக்குள் நின்றே போடவேண்டும். பந்து கைக்கு வந்தால் மூன்று விநாடிகளுக்குள் எறிந்தாக வேண்டும்; ஓடவோ தட்டவோ கூடாது. வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பலகை இல்லாததால் பந்தை மோதவிட்டு உள்ளே இறக்கும் வசதியும் இல்லை. எதிரணி சும்மா நிற்பதுமில்லை. உயரமான ஆட்டக்காரியைத் தாண்டிப் பாய முடியாது என்று தெரிந்துகொண்டு, அவருக்கு வரும் பந்தை நடுமைதானத்திலேயே மறிப்பார்கள்; முன்னும் பின்னுமாக இருவர் நின்று நெருக்குவார்கள். இவற்றுக்கிடையில் இடத்தைப் பிடித்து நின்று, உயர எறியப்படும் பந்தை விரல் நுனியில் வாங்கி, கை நடுங்காமல் வளையத்துள் இடுவது ஆயிரக்கணக்கான தடவை செய்து பழகிய உழைப்பின் பயன்.

அந்த உழைப்பின் பலன் பதிவேட்டில் இருக்கிறது. 2009இல் இலங்கை ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்றது. அப்போது அவருக்கு வயது 30. 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் சிறந்த கோல் போடுபவராகத் தெரிவானார். பின்னர் அவுஸ்திரேலியாவின் விக்டோரிய மாநில லீக்கில் சிற்றி வெஸ்ற் பல்கன்ஸ் கழகத்துக்காக மெல்பேர்ணில் ஆடினார். வலைப்பந்தை வாழ்க்கைத் தொழிலாக ஏற்கும் நாடுகளில் அவுஸ்திரேலியா முதன்மையானது. அந்த மண்ணில் குடாநாட்டுப் பெண்ணொருவர் ஆடியது நம் விளையாட்டு வரலாற்றில் புதிய அத்தியாயம். 2018 செப்டெம்பரில், ஒன்பது ஆண்டுகளின் பின், இலங்கை மீண்டும் ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. இறுதியாட்டத்தில் சிங்கப்பூரை 69-50 என்று வென்ற அந்த அணியின் தூண் தர்ஜினிதான்.

2019 யூலையில் லிவர்பூலில் உலகக் கிண்ணம். பதினாறு அணிகளுள் இலங்கைக்குக் கிடைத்தது பதினைந்தாம் இடம். ஆனால் அந்தத் தொடரில் அதிக கோல்களைப் போட்டவர் அவுஸ்திரேலியரோ நியூசிலாந்தவரோ யமேக்கரோ அல்லர். 348 கோல்களைப் போட்ட தர்ஜினியே. அப்போது அவருக்கு நாற்பது வயது. பின்வரிசையில் நின்ற அணியிலிருந்து முதல் இடத்தை ஒருவர் பெறுவது எவ்வளவு அரிது என்பதை விளையாட்டு எழுதியவர்கள் அறிவார்கள். வல்லமைமிக்க அணியில் பந்து தானாக வந்து சேரும். நலிந்த அணியில் அது வருவதே போராட்டம்.

இனி, இவ்வரலாற்றில் பலரும் பேசத் தயங்கும் பக்கத்துக்கு வருகிறேன். 2009 என்பது ஆசியக் கிண்ணத்தின் ஆண்டு மட்டுமன்று. முள்ளிவாய்க்காலின் ஆண்டும் அதுவே. அந்த ஆண்டில் ஒரு தமிழ்ப்பெண் இலங்கைச் சீருடையில் வெற்றிபெற்றதை இருசாராரும் தத்தம் வழியில் பயன்படுத்தினர். தெற்கில் சிலர், "பாருங்கள், வேற்றுமை எங்கே?" என்று அவரைச் சான்றாகக் காட்டினர். நம்மவருள் சிலர், "இந்த நேரத்தில் அந்தக் கொடியின் கீழா?" என்று முகம் சுளித்தனர். இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஓர் ஆட்டக்காரியின் வெற்றி ஓர் அரசின் நன்னடத்தைச் சான்றிதழ் ஆகாது. அதுபோலவே, சர்வதேச அரங்கில் ஆட வேறு வாசல் இல்லாத ஒருவரிடம், ஆடாமல் இருப்பதே இனமானம் என்று கூறுவதும் நியாயமன்று. வீட்டிலிருந்து கருத்துச் சொல்வோருக்கு அது செலவில்லாத தியாகம். ஆடுபவருக்கோ அது முழு வாழ்க்கை.

கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று. தர்ஜினிக்குப் பின் யார்? தமிழ்நாட்டில், சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை பதினெட்டு ஆண்டுகள் இந்தியக் கூடைப்பந்து அணிக்கு ஆடி, அதன் தலைவியாகவும் இருந்து, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருக்குப் பின்னால் தென்னக ரயில்வேயின் வேலை இருந்தது. மாதச் சம்பளமும் பயிற்சிக்கு நேரமும் இருந்தால்தான் ஒரு பெண் முப்பது வயதைக் கடந்தும் ஆட முடியும். இலங்கையிலும் வங்கிகளும் வணிக நிறுவனங்களும் முப்படைகளும் வீராங்கனைகளுக்கு வேலை தருகின்றன. ஆனால் அந்த வாய்ப்புகளின் மையம் கொழும்பு. ஈவினையிலோ பருத்தித்துறையிலோ இன்று பதினான்கு வயதில் வளையத்தை நோக்கி எறியும் பிள்ளை, கொழும்பு செல்லும் வரை யாருடைய கண்ணில் படுவாள்?

2022 செப்டெம்பர் 11இல் இலங்கை ஒரே நாளில் இரண்டு ஆசியக் கிண்ணங்களை வென்றது. துபாயில் ஆண்கள் துடுப்பாட்டம். சிங்கப்பூரில் பெண்கள் வலைப்பந்து. பொருளாதார நெருக்கடியால் துவண்டிருந்த நாட்டுக்கு இரண்டும் ஆறுதலாக அமைந்தன. எது மக்கள் நினைவில் தங்கியது என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விடுகிறேன்.

வெளிநாடுகளில் வாழும் நம்மவர்கள் பழைய பாடசாலைக்கு மண்டபம் கட்டவும் நுழைவாயில் எழுப்பவும் பணம் அனுப்புகிறார்கள். நன்று. அதில் ஒரு பங்கை ஒரு வலைப்பந்துத் தளத்துக்கும், ஒரு பயிற்சியாளரின் சம்பளத்துக்கும், தூர ஊர்ப் பிள்ளைகளின் பேருந்துச் செலவுக்கும் ஒதுக்கினால், கல்வெட்டில் பெயர் வராதுதான். ஆனால் பத்து ஆண்டுகளின் பின் இன்னொரு பெயர் வரக்கூடும். கனடாவிலிருந்து என்னிடம் கேட்கும் பிள்ளைகளுக்குத் தர்ஜினியின் பெயரைச் சொல்லுங்கள். 348 என்ற எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். உயரம் பிறப்பில் வந்தது. அந்த எண் அவர் சம்பாதித்தது.