குழந்தையின் காலுறையும் பேரரசரின் நகரமும்

இலண்டன் மாநகரிலுள்ள பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலையில் ஒரு சிறு காலுறை இருக்கின்றது. அது மன்னர் அணிந்ததன்று, படைத்தலைவர் அணிந்ததுமன்று. இற்றைக்கு ஏறத்தாழ 1,700 ஆண்டுகட்கு முன் எகிப்து நாட்டுக் குழந்தை ஒன்றின் இடக்காலுக்கென அமைந்தது. பல நிறக் கம்பளி நூல்கள் அதில் பட்டை பட்டையாக விளங்குகின்றன. வரலாறு என்பது போரும் முடிசூட்டலுமே என்று எண்ணுவார்க்கு இச்சிறு பொருள் தக்க விடை கூறும்.

குப்பைமேட்டில் கிடைத்த செல்வம்

உரோமப் பேரரசர் ஹேட்ரியனின் அன்புக்குரிய அந்தினூஸ் என்னும் இளைஞன் நைல் ஆற்றில் மூழ்கி இறந்தான். அவன் நினைவாகப் பேரரசர் கி.பி. 130இல் அந்தினூபோலிஸ் என்னும் நகரை எழுப்பினார். அந்நகரின் குப்பைமேடுகளை 1913-14இல் ஜான் ஜான்சன் என்னும் ஆங்கிலேயர் அகழ்ந்தார். அவர் நாடிச் சென்றவை பாப்பிரஸ் ஏடுகள்; அந்த அகழ்வில் இக்காலுறையும் கிடைத்தது. எகிப்தின் வறண்ட மணல் கம்பளியை மக்கவிடாமல் காத்திருந்தது.

இதன் முனையில் பெருவிரலுக்குத் தனி அறையும் ஏனைய விரல்களுக்கு வேறோர் அறையும் உள்ளன. வார் வைத்த செருப்பை அணிதற்கு ஏற்ற அமைப்பு இது.

மூன்று செடிகள், பல நிறங்கள்

முன்னெல்லாம் சாயத்தை அறிய நூலில் ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டும். 2018இல் வெளிவந்த ஆய்விலோ, பலவகை ஒளிகளைப் பாய்ச்சிப் படமெடுத்து, பொருளுக்கு ஊறின்றி உண்மை கண்டனர். பயன்பட்ட சாயங்கள் மூன்றே. சிவப்பு, நம் மஞ்சிட்டிக்கு இனமான மாடர் வேரிலிருந்து வந்தது. நீலம் வோட் என்னும் செடியின் இலையிலிருந்து வந்தது. நம் அவுரி தரும் நீலமும் அதுவே. மஞ்சள், வெல்ட் என்னும் செடி தந்தது.

மஞ்சள் தோய்ந்த நூலை நீலத்தில் தோய்த்தால் பச்சையாகும். சிவப்பும் நீலமும் சேரின் ஊதாவாகும். இவ்வாறு சாயத்தின்மேல் சாயம் ஏற்றி, குறைந்த பொருளால் பல நிறம் கண்டனர். குழந்தையின் காலுறைக்கும் இத்துணை உழைப்பு!

பின்னலா, அன்றா?

இதனை இக்காலத்துப் பின்னல் வேலை எனக் கொள்ளுதல் பிழை. இரு ஊசிப் பின்னலில் நூல் அறாது ஓடும். ஒரு கண்ணி அறுந்தால் வரிசையாகப் பிரியும். இக்காலுறையோ காதுள்ள ஒரே ஊசியால் ஆனது. ஒவ்வொரு கண்ணிக்கும் நூல் முழுவதையும் இழுத்தாக வேண்டும். ஆகவே நூலைச் சிறு சிறு துண்டாக எடுத்து ஒட்டிச் சேர்ப்பர். வேலை மெதுவானது, ஆனால் எளிதில் பிரியாதது. உண்மையான இரு ஊசிப் பின்னலுக்குப் பழைய சான்றுகளாவன, எகிப்திலேயே கிடைத்த நீலமும் வெண்மையுமான பருத்திக் காலுறைகள். அவை 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையில் எழுந்தவை எனக் கணிக்கின்றனர்.

காலுறையை அன்புப் பொருளாகக் கருதுவது நம் கற்பனையோ எனின், அன்று. பிரிட்டனின் வடபால் விண்டொலாண்டா என்னும் உரோமக் கோட்டையில், மெல்லிய மரத்தகடுகளில் மையால் எழுதிய மடல்கள் 1973 முதல் கிடைத்து வருகின்றன. கி.பி. 100ஐ ஒட்டிய மடல் ஒன்று, காலுறைகளும் ஈரிணைச் செருப்பும் இரண்டு உள்ளாடைகளும் அனுப்பியதைக் கூறி, நண்பர் பலர்க்கு வாழ்த்தும் உரைக்கின்றது. குளிர்நாட்டில் இருந்தவனின் காலை நினைத்த உள்ளம் அதிலே தெரிகின்றது.

எகிப்துக் குழந்தைக்கு மடல் இல்லை, பெயரும் இல்லை. காலுறையைச் செய்தவர் தாயோ, கூலிக்குச் செய்த கைவினைஞரோ, யாராயினும் ஆகுக. சின்னஞ்சிறு காலுக்கும் நிறம் வேண்டும் என்று எண்ணிய ஒருவர் இருந்தார் என்பது உறுதி.

பேரரசர் தம் அன்புக்கு ஒரு நகரையே எழுப்பினார். எஞ்சி நின்ற அதன் கட்டடங்கள் 19ஆம் நூற்றாண்டில் கல்லுக்கும் சுண்ணாம்புக்குமாகப் பெரும்பாலும் இடிக்கப்பட்டன. குப்பையில் எறிந்த காலுறையோ நிறம் மாறாது நிற்கின்றது. மாணவர்க்கு வரலாறு கற்பிப்போர், நகரத்தைக் கூறுமிடத்துக் காலுறையையும் கூறுவாராக.