குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறல் நோய்

நுரையீரல் முதிரும் முன்பே பிறந்துவிடும் குழந்தைகளுக்குச் சில மணி நேரத்துக்குள் வரும் நோய். மூச்சிழுக்கையில் விலா இடுக்குகள் உள்வாங்கும். விடுகையில் முனகல் கேட்கும். உதடு நீலம் பாரிக்கும். அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் 1963-இல் இந்நோயால் 39 மணி நேரத்தில் இறந்தான்.

காற்று நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் கொழுப்புப் படலம் போதாமையே காரணம் என்பதை 1959-இல் மேரி எலன் ஏவரியும் ஜெர் மீடும் காட்டினர்.

இதைத் தடுக்கும் வழி வேறொரு ஆய்வில் தென்பட்டது. நியூசிலாந்தில் கிரகாம் லிகின்ஸ் ஆராய்ந்தது பிரசவ வலி தொடங்கும் விதத்தைத்தான். கருவிலேயே ஸ்டீராய்டு பெற்ற ஆட்டுக்குட்டி ஒன்று, பிழைக்கவே முடியாத அளவு முன்கூட்டிப் பிறந்தும் மூச்சுவிட்டது. அறுத்துப் பார்த்தபோது, சுருங்கிக் கிடந்திருக்க வேண்டிய நுரையீரலில் காற்று இருந்தது. வேறொருவர் கவனிக்காமல் கடந்திருக்கக்கூடிய இந்தக் காட்சியை அவர் விடவில்லை. ராஸ் ஹோவியுடன் சேர்ந்து கர்ப்பிணிகளுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுச் சோதித்து, பலன் உண்டென்று 1972-இல் வெளியிட்டார்.

1980-இல் ஜப்பானின் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து தயாரித்த சர்ஃபாக்டன்டை 10 குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்தி வெற்றி கண்டார்.

தாய்க்கான ஸ்டீராய்டு ஊசியை அமெரிக்க வல்லுநர் குழு பரிந்துரைத்தது 1994-இல்தான். விலை மலிவான மருந்துக்கு இவ்வளவு தாமதம் வருத்தத்துக்குரியது. அதற்குள் காப்பாற்றியிருக்கக்கூடிய குழந்தைகள் பலர் இறந்துபோயினர்.