ஒப்பாரிக் கோச்சி சென்ற பாதை

மோதி பாக்கில் என்னுடன் அறையைப் பகிர்ந்துகொள்ளும் தோழி அண்மையில் இலங்கை சென்று வந்தார். கண்டியிலிருந்து எல்ல வரை ரயிலில், வாசற்படியில் அமர்ந்து, தேயிலைச் சரிவுகளைப் பார்த்தபடி நாளின் பெரும்பகுதியைக் கழித்திருக்கிறார். நான் மொழியியல் படித்தவன் என்பதால் மும்மொழிப் பெயர்ப்பலகைகளையும் எனக்காகப் படமெடுத்து வந்தார். அட்டன், நானுஓயா, பண்டாரவளை. "தில்லியிலிருந்தே ரயிலில் போக வழி உண்டா?" என்று கேட்டார். ஒருகாலத்தில், இடையில் சிறிது கடல் தவிர, இருந்தது.

சுற்றுலா ஏடுகள் கொண்டாடும் அம்மலைப்பாதை காப்பிக்காகத் தொடங்கப்பட்டது. கண்டியை 1867இல் எட்டியது. நானுஓயாவை 1885இல் அடைந்தபோது காப்பி நோயில் அழிந்து, தேயிலை தலையெடுத்திருந்தது. பதுளையைத் தொட்டது 1924இல். அத்தோட்டங்களின் உழைப்பாளிகள் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். முந்தைய தலைமுறைகள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தன. வழியில் மாண்டவர் பலர்.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் நிலைமை மாறியது. சென்னையில் வாங்கிய ஒரே பயணச்சீட்டில் தனுஷ்கோடி வரை ரயில், 20 மைல்களுக்குச் சற்று மேல் கப்பல், தலைமன்னாரிலிருந்து மீண்டும் ரயில். 'போட் மெயில்' என்ற பெயர் அதற்குரியது. வசதி படைத்தவருக்கு அது இனிய பயணம். தோட்டத்திற்குச் செல்வோரோ பாலத்துக்கு முன்பே மண்டபத்தில் இறக்கப்பட்டனர். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. அம்மை குத்தி, உடலைச் சோதித்து, சில நாள் அடைத்து வைத்தே அனுப்பினார்கள். பயண வரலாறுகளை எழுதுவோர் கப்பலின் மேல்தளத்தை விவரிக்கும் ஆர்வத்தில் மண்டபத்தைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இது பெருங்குறையாகவே படுகிறது.

இனி, நான் வசிக்கும் இந்நகருக்கு வருகிறேன். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் புது தில்லியில் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என விட்டுவிட்டார்கள். 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அம்மக்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் நிறையுமுன் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேசுவரத்திற்கு மாறியது.

அட்டனிலும் நானுஓயாவிலும் ஏறியவர்கள் பொல்காவலை வழியாகத் தலைமன்னாருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அந்த ரயிலுக்கு மலையக மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. 'கோச்சி' தமிழகம் அறியாத சொல். சிங்களத்தின் 'கோச்சிய'வுக்கு இணையானது. ஒப்பாரிக்கு விளக்கம் வேண்டாம். உயிரோடு போகிறவர்களுக்காக, உயிரோடு இருப்பவர்கள் நடைமேடையில் நின்று அழுதார்கள். சாவுக்குரிய சொல்லை ஒரு ரயிலுக்குச் சூட்டியது மிகையன்று. பிரிந்த உடன்பிறப்புகளில் பலர் மறுபடி சந்திக்கவே இல்லை. இலங்கையின் குடிக்கணக்கில் 'இந்தியத் தமிழர்' எனப் பதிவானவர்கள், கோத்தகிரியிலும் கூடலூரிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டபின் 'சிலோன்காரர்' ஆனார்கள்.

போர் மூண்டபின் கப்பல் நின்றது. 1990இல் தலைமன்னார்ப் பாதையும் அழிந்து, இந்திய அரசு நிறுவனமான இர்கானின் பணியால் 2015இல் மீண்டது. இன்று கொழும்பிலிருந்து புறப்படும் ரயில் கடற்கரையோடு நின்றுவிடுகிறது. இக்கரையில் சென்னை–இராமேசுவரம் ரயிலை இன்னமும் 'போட் மெயில்' என்றே அழைக்கிறோம்.

தோழி மறுபடியும் செல்லவிருக்கிறார். தலைமன்னார் நிலையப் பலகையையும் படமெடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.