பவளக்கால்

வள்ளூர் அனல்மின் நிலையத்தைத் தாண்டி, கொசஸ்தலையாற்றின் கழிப்பக்கம் இறங்கும் மண்பாதையில் ஒரு ஞாயிறு காலை கேமராவோடு நின்றிருந்தேன். அரைமணி நேரத்துக்குள் மூன்று பேர் வண்டியை நிறுத்திக் கேட்டுவிட்டார்கள்: "யாருக்கும்மா வெயிட் பண்றீங்க?" சற்றுத் தள்ளித் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த ஆண்பிள்ளையை ஒருவரும் கேட்கவில்லை. பறவை பார்க்கிறேன் என்றதும் ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "தனியாவா?" என்றார். எதிரே பவளக்கால் உள்ளான் ஒன்று, சேற்றிலிருந்து நீண்ட கால்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்து நடந்துகொண்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

குறுந்தொகையின் 25ஆம் பாட்டை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் நடத்துகிறேன். தலைவியின் களவுக்கு இருந்த ஒரே சாட்சி, மீனுக்குக் காத்திருந்த ஒரு குருகு. அந்த நேரத்திலும் அதன் கால் எப்படி இருந்தது என்று அவள் கவனித்திருக்கிறாள். பாடியவர் கபிலர்தான், பார்த்த கண் பெண்ணுடையது என்றே எனக்குத் தோன்றும்.

பறவையியலின் வரலாறு பெரும்பாலும் துப்பாக்கியிலிருந்து தொடங்கும். சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, பெயரிடுவதே நெடுங்காலம் அறிவியலாக இருந்தது. 1889இல் அமெரிக்காவின் ஃபிளாரன்ஸ் மெரியம் ஒரு நூல் வெளியிட்டார். நாடகக் கண்ணாடி வழியே பறவைகள் என்பது தலைப்பின் பொருள். அரங்குக்குப் போகும் பெண்கள் கையில் வைத்திருந்த சின்னக் கண்ணாடி அது. சுடாமலே ஒரு பறவையை அறிந்துகொள்ளலாம் என்று அந்த நூல் சொல்லிக்கொடுத்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் எமிலி வில்லியம்சன், தொப்பி அலங்காரத்துக்காகப் பறவைகள் கொல்லப்படுவதை எதிர்த்துப் பெண்களைத் திரட்டினார். (தொப்பியை அணிந்தவர்களும் பெண்களே, அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த இறகுகள் நம் துறைமுகங்களிலிருந்தும் கப்பலேறின. 1902இல்தான் ஏற்றுமதிக்குத் தடை வந்தது.)

சென்னையின் கதை இன்னும் பழையது. 1801இல் இங்கே வந்த எலிசபெத் க்வில்லிம், மதராஸ் சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஒருவரின் மனைவி. தெலுங்கு கற்றார். இங்குள்ள பறவைகளை நூற்றுக்கும் மேற்பட்ட நீர்வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். ஆடுபானின் புகழ்பெற்ற பறவைப் படங்கள் வெளிவரத் தொடங்கியது 1827இல். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1807இல், க்வில்லிம் இந்த ஊரிலேயே இறந்துவிட்டார். ஓவியங்கள் 1924வரை யார் கண்ணிலும் படவில்லை. அந்த ஆண்டு லண்டனில் கேசி வுட் என்ற மருத்துவர் அவற்றைக் கண்டெடுத்தார். இப்போது கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. பார்ப்பதற்கு அவருக்கு ஓய்வு இருந்தது, வேலையாட்கள் இருந்தார்கள். அந்த வேலையாட்களின் கண்ணுக்கு என்னென்ன தெரிந்தது என்பதை யார் எழுதினார்கள்?

பீகாரின் ஜமால் ஆராவையும் (1923–1995) சொல்ல வேண்டும். காடுகளில் அலைந்து, ஆய்விதழ்களில் எழுதி, 1970இல் நேஷனல் புக் டிரஸ்ட் வழியாகப் பறவை நோக்கலுக்கு ஓர் எளிய கையேடு தந்தவர். சலீம் அலியைத் தெரிந்த என் மாணவிகள் ஒருத்திக்கும் இவரைத் தெரியவில்லை. நாற்பது வயதுவரை எனக்கும் தெரியாது.

கேமரா வந்த பிறகு எனக்குக் கிடைத்த இன்பம் வேறு. பறவையின் கண்மட்டத்துக்கு இறங்க வேண்டும். சேலை கட்டிக்கொண்டு சேற்றில் முட்டி போட முடியாது என்பதால் அன்று பேண்ட். வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு, நேராகப் போகாமல் பக்கவாட்டில் நகர வேண்டும். ஆலா திரும்பும் கணத்தைப் பிடிக்க நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு போதும். அந்தக் கணத்துக்காக இரண்டு மணிநேரம் நிற்கலாம். வீட்டில் யாருக்கும் பயன்படாத இரண்டு மணிநேரம்.

அன்று கழியில் இருளர் பெண்கள் நான்கைந்து பேர் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். கழுத்தளவு நீரில் கைகளால் சேற்றைத் துழாவி, பிடித்ததை வாயில் கவ்விய பனையோலைப் பறியில் போடும் வேலை. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு இங்கே எண்ணெய் பரவியபோது, இறகு கறுத்த கூழைக்கடாக்களின் படங்களை நாளிதழ்களில் பார்த்தோம். அந்த நீரில் இறங்கிய பெண்களின் கைகளை அவ்வளவாகப் பார்க்கவில்லை.

கரையேறிய ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும்.

"இன்னாத்தம்மா புடிக்கிற?"

"உள்ளான்க்கா."

"அது நடக்குற எடத்துல தண்ணி முழங்காலுக்கும் கீழதான். கூழைக்கடா கூட்டமா எறங்குனா மீனு இருக்குதுன்னு அர்த்தம்." மின்நிலையப் பக்கம் கையைக் காட்டினார். "அந்தாண்ட சாம்பல் தண்ணி. அதுங்களும் எறங்காது, நாங்களும் எறங்க மாட்டோம்."

கேமராவின் திரையைத் திருப்பிக் காட்டினேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"இது நொண்டுதே, பாக்கலியா நீ?"

பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு மணிநேரமாக நான் ரசித்துக்கொண்டிருந்த அந்தக் காலில், மூட்டுக்குக் கீழே, நைலான் வலை நூல் சுற்றியிருந்தது.