சொற்பட்டியலும் சொற்பிழையும்

ஏடு பெயர்த்தெழுதியோர் காலந்தொட்டு எழுத்துப் பிழை அறிஞரை வருத்தி வந்துள்ளது. இன்று கணினி நிரல் எழுதுவோரையும் அது தொடர்கின்றது.

1961இல் அமெரிக்காவில் லெஸ் ஏர்னஸ்ட் என்பார், கையெழுத்தைப் படிக்கும் நிரலொன்றுக்கு 10,000 ஆங்கிலச் சொற்கொண்ட பட்டியலைத் துணையாக்கினார். 1971இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ரால்ப் கோரின் 'ஸ்பெல்' என்னும் பிழைகாட்டியை ஆக்கினார். பட்டியலில் இல்லாத சொல்லைச் சுட்டுதலே இத்தகைய கருவிகளின் அடிப்படைத் தொழில். சுட்டிய சொல் மெய்யாகவே பிழையா என்பதை எழுதுவோரே துணிதல் வேண்டும்.

மாத்தளை மாவட்டத்து எல்கடுவ என்னும் ஊர்ப்பெயர் பட்டியலில் இல்லையெனின் அடிக்கோடு பெறும், பெயரோ பிழையன்று. மறுதலையாக, இணைய நெறிமுறையில் 'ரெஃபரர்' என்னும் ஆங்கிலச் சொல் ஓரெழுத்துக் குறைந்து புகுந்தது. அக்காலப் பிழைகாட்டி பிழைவடிவத்தையும் அறியாது; திருந்திய வடிவத்தையும் அறியாது. 1996இல் வெளியான நெறிமுறை ஆவணத்தில் அது நிலைபெற்றது. இன்று திருத்தப் புகின், அதனையே நம்பி இயங்கும் நிரல்கள் தடுமாறும்.

ஆதலின் எச்சரிக்கை அனைத்தையும் அணைத்துவிடுதல் அறிவுடைமையன்று. மெய்ப்பிழையை உடனே திருத்துக; ஊர்ப்பெயரையும் கலைச்சொல்லையும் ஆராய்ந்து, உடன் பணிபுரிவோர் யாவர்க்கும் பொதுவான அகராதியிற் சேர்க்க. பிழைவடிவம் அவ்வகராதியுட் புகின், பின்னர் அதனைச் சுட்டுவார் இலர். எல்கடுவ இருவேறு வடிவில் எழுதப்படின் கணினி ஈரூரெனக் கொள்ளும். ஓரூர் மக்களின் பதிவு இரண்டாய்ப் பிரியும்.